பானெட் ஸ்பிரிங்கை மாட்டுவது: காரில் மல்லுக்கட்டாமல், மேசையில் நீட்டி

பழைய காரின் பானெட் ஸ்பிரிங்கைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. திரும்ப மாட்டும்போதுதான் வம்பு. ஸ்குரூடிரைவர் வழுக்கி முன்கண்ணாடி உடைவது, ஃபெண்டர் ஓரத்தில் சாயம் பெயர்வது, விரல் நசுங்குவது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். ஆள் பலம் போதவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து இழுக்க வைப்பார்கள். அதனாலும் ஆகாது. ஸ்பிரிங்கைத் தனியாக மேசையில் வைத்து நீட்ட வேண்டும், நீட்டிய நிலையில் வாஷர் செருகி நிறுத்த வேண்டும், அதன்பின் வெறுங்கையால் கீலில் மாட்ட வேண்டும். இதற்கு வேண்டிய சாமான் எல்லாம் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து நகரத்தின் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

இந்தக் குறிப்பு பானெட்டின் பின்பக்கம், இரண்டு கீலிலும் இழுவைச் சுருள் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கார்களுக்கு மட்டும். வோல்வோ 240 இந்த வகை. அறுபது, எழுபதுகளின் அமெரிக்கக் கார்கள் பலவும் இப்படித்தான். தாங்கு கம்பி வைத்த சிறிய ஜப்பானியக் கார்களுக்கும் கேஸ் ஸ்டிரட் (வாயு அடைத்த தாங்குதண்டு) வைத்த பிற்காலக் கார்களுக்கும் இது பொருந்தாது.

ஸ்பிரிங் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் பாதி பயம் தெளியும், மீதிப் பயம் கூடும். இரண்டுமே நல்லதுதான். பானெட் 18 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை மையம் கீலிலிருந்து 55 செ.மீ. தள்ளி இருக்கிறது. பெருக்கினால் 990. இரண்டு ஸ்பிரிங்கும் பங்கு போட்டால் ஒன்றுக்கு 495. ஆனால் ஸ்பிரிங் இழுக்கும் கோட்டுக்கும் கீலின் அச்சுக்கும் நடுவே 6 செ.மீ. மட்டுமே இருந்தால், 495-ஐ 6-ஆல் வகுக்க வேண்டும். வருவது 82. ஆக, பானெட்டை ஏந்திப் பிடிக்க ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 80 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. ஒரு வளர்ந்த ஆள் அந்தக் கொக்கியில் தொங்குவது போல. அதை ஒற்றைக் கையால், ஸ்குரூடிரைவர் முனையில் நெம்பித் தள்ளப் பார்ப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பானெட் மூடியிருக்கும்போது ஸ்பிரிங் மிக நீளமாக இழுபட்டிருக்கும். முழுக்கத் திறந்தால் மிகக் குட்டையாகிவிடும். ஆனால் அப்போதும் முழுதாகத் தளர்வதில்லை, இரண்டு மூன்று செ.மீ. இழுவை மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் மாட்டும்போது நம்மைப் படுத்துகிறது. கணக்குக்கு, கம்பித் தடிப்பு 5 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 30 மி.மீ., 24 சுற்று உள்ள எஃகு ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் நீட்ட ஏறத்தாழ ஒரு கிலோ விசை வேண்டும். 30 மி.மீ. நீட்ட 30 கிலோ. இதற்கு மேல், சுருள்கள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டியிருக்கும்படி ஆலையிலேயே கொடுத்த முன்னிறுக்கம் வேறு இருக்கிறது. அதைத் தாண்டும்வரை ஒரு இடைவெளிகூடத் திறக்காது.

முதலில் கீலைப் பாருங்கள்

பலர் செய்யும் தவறு, ஸ்பிரிங்கிலேயே கண்ணாக இருப்பது. பழைய காரில் கெட்டுப்போவது பெரும்பாலும் கீல். நம் ஊர் ஈரமும் தோட்டத்துச் சாலையின் செம்மண் புழுதியும் கீலின் ரிவெட்டுகளுக்குள் இறங்கி, பழைய கிரீஸோடு சேர்ந்து, உப்புத்தாள் மாதிரி அரைக்கும். பிறகு துருப்பிடித்து இறுகும். இறுகிய கீலில் புது ஸ்பிரிங்கை மாட்டிப் பானெட்டை அழுத்தி மூடினால் கீல் மடங்காது. பானெட் தகடுதான் மடங்கும், கீலுக்கு ஒரு சாண் முன்னால் குறுக்கே ஒரு மடிப்பு விழும். அதை முழுதாகச் சரிசெய்யக்கூடிய தட்டிப் பூச்சுக்காரர்கள் இப்போது அதிகம் இல்லை.

ஆகவே இரண்டு ஸ்பிரிங்கும் இல்லாத நிலையில், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பானெட்டை மேலும் கீழும் நான்கைந்து முறை அசைத்துப் பாருங்கள். எடை தெரியும், அது சரி. முறுகலோ கிறீச் சத்தமோ ஒரு பக்கம் பிந்துவதோ தெரிந்தால் கீலைக் கவனிக்க வேண்டும். துரு தளர்த்தும் எண்ணெயை ரிவெட்டுகளில் அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு மூட்டிலும் என்ஜின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு அசையுங்கள். டபிள்யூடி-40 துருவைத் தளர்த்த உதவும், ஆனால் நீடித்த உயவுக்கு அது போதாது. எண்ணெய் உள்ளே ஊறியபின் வெளியே வெள்ளை லித்தியம் கிரீஸ் லேசாகப் பூசினால் போதும். ரிவெட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து கீல் பக்கவாட்டில் ஆடினால், எண்ணெய் விட்டுப் பயனில்லை. கீலையே மாற்ற வேண்டும்.

கீலைக் கழற்ற நேர்ந்தால், அதைச் சுற்றி மெல்லிய மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் பானெட் இடைவெளியைச் சரிசெய்யவே ஒரு நாள் போகும். பழைய பிரிட்டிஷ் கார்களிலும் வோல்வோ 140 காலத்து வண்டிகளிலும் அங்குலப் புரி வரும். 5/16 யுஎன்எஃப் (அங்குல அளவில் நெருக்கமான புரி) போல்டுக்கு 1/2 அங்குல ஸ்பேனர்தான். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் ஏறக்குறைய உட்காரும், அந்த ஏறக்குறையதான் போல்டின் தலையை உருட்டிவிடும்.

இடமும் முட்டும்

பானெட்டை முழுக்கத் திறக்கும் உயரம் போர்ச்சில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாழ்ந்த சிங்க் கூரையும் தொங்கும் விளக்கும் எதிரி. மெர்சிடிஸ் டபிள்யூ123 போல, கீலில் உள்ள நெம்பை விடுவித்தால் பானெட் செங்குத்தாக நிற்கும் கார்களில் இது இன்னும் முக்கியம். வெட்டவெளியில் செய்வதானால் காலையிலேயே தொடங்குங்கள். மாலை மழைக்கு முன் வரும் காற்று, ஸ்பிரிங் இல்லாத பானெட்டைப் பின்னால் சாய்த்துக் கண்ணாடியில் அடித்துவிடும்.

இரண்டுக்கு இரண்டு அங்குல மரச்சட்டம் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. பானெட்டின் இரு முன்மூலைக்கும் முட்டுக் கொடுக்கும் நீளத்தில் அறுத்து, மேல் முனையில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டுங்கள். கீழ்முனை ரேடியேட்டர் மேலோ பேட்டரி மேலோ அல்லாமல், கார் உடலின் கெட்டியான சட்டத்தில் நிற்க வேண்டும். கண்ணாடி மேலும் இரண்டு ஃபெண்டர் மேலும் தடித்த போர்வை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள், ஸ்பேனரோ வாஷரோ விழுந்தால் பொறி பறக்காது. கண்ணாடி மாட்டுங்கள், மூக்குக் கண்ணாடி அல்ல, பட்டறைக் கண்ணாடி. தோல் கையுறை. ஸ்பிரிங் இருக்கும் கோட்டுக்கு நேராக முகத்தை வைக்காமல், எப்போதும் பக்கவாட்டில் நில்லுங்கள்.

கழற்றும்போதே பாதி வேலையை முடிப்பது

ஸ்பிரிங் இன்னும் காரிலேயே இருந்தால் அதிர்ஷ்டம். காரின் கீலே உங்களுக்காக ஸ்பிரிங்கை நீட்டிக் கொடுக்கும். ஒருவர் பானெட்டைப் பாதிவரை இறக்கிப் பிடிக்கட்டும், அந்த உயரத்துக்கும் ஒரு மரமுட்டு கொடுங்கள். இப்போது சுருள்களுக்கு நடுவே இடைவெளி விரிந்திருக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் வாஷரைச் செருகுங்கள். விரலால் அல்ல, நீள்மூக்குக் குறடால். பிறகு பானெட்டை முழுக்கத் தூக்கினால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் நீளமாகவே நிற்கும், கொக்கி தானாகத் தளர்ந்து கையோடு வரும். சுத்தம் செய்யும் தேவை இல்லையென்றால் வாஷரை எடுக்காமல் அப்படியே ஒரு கெட்டித் துணிப்பையில் கட்டி வைத்து, பிறகு அதே நிலையில் மாட்டலாம். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வாஷர் செருகிய ஸ்பிரிங் இழுவையோடு இருக்கும் பொருள்.

கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். கொக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த முனை மேலே என்பவை மறந்துபோகும். வாய் தவறான பக்கம் திரும்பினால் பானெட் மூடும்போது கொக்கி முனை கீலின் கையில் உரசும்.

ஸ்பிரிங்கைத் தேர்வு செய்தல்

கொக்கி வளையும் இடத்தில் பாருங்கள். அது மாட்டும் கீலின் ஊசியில் உராய்ந்து கம்பி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, வளைவில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். இழுவை ஸ்பிரிங் பெரும்பாலும் கொக்கியில்தான் உடையும். ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றுவதுதான் முறை. பலமான ஒன்றும் தளர்ந்த ஒன்றும் சேர்ந்தால் பானெட் கோணலாக ஏறி இறங்கும்.

மாற்று ஸ்பிரிங் தேட ஈப்போ பக்கம் காரை உடைத்து விற்கும் போத்தோங் கடைகளுக்குப் போகும்போது வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்துப் போங்கள். கம்பித் தடிப்பு, சுருளின் வெளிவிட்டம், சுற்று எண்ணிக்கை, கொக்கிகளின் உட்பக்கத்திலிருந்து உட்பக்கம் வரை நீளம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். இதில் கம்பித் தடிப்பில்தான் ஏமாறுவார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு தடிப்பின் நான்காம் படியில் ஏறும். 5 மி.மீ.க்குப் பதில் 5.5 மி.மீ. கம்பி என்றால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் விறைப்பு 46 விழுக்காடு கூடும். பானெட் மூடாமல் பின்மூலை தூக்கி நிற்கும், இல்லையேல் தகடு மடியும்.

தளர்ந்த ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டிப் புதுக் கொக்கி வளைத்துத் தருவதாகச் சில பட்டறையில் சொல்வார்கள். வேண்டாம். சுற்று குறைந்தால் விறைப்பு கூடும், நெருப்பில் காய்ச்சி வளைத்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும், உடைவது அந்த இடத்தில்தான். குரோம் முலாமும் அப்படியே. அமிலத்திலும் மின்முலாமிலும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உறுதியான எஃகை நொறுங்கும்படி ஆக்கும். அதைப் போக்க முலாம் முடிந்த உடனே அடுப்பில் வைத்துச் சூடேற்ற வேண்டும், எல்லா முலாம் கடையும் அதைச் செய்வதில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, கம்பிப் பிரஷ் போட்டு, மெல்லிய கறுப்பு ஸ்பிரே அடித்தால் போதுமானது. நீட்டி வாஷர் செருகிய பின் அடித்தால் சுருளின் இடுக்கிலும் சாயம் படும்.

மேசையில் நீட்டுதல்

எவ்வளவு நீட்ட வேண்டும் என்று முதலில் அளக்க வேண்டும். பானெட்டை முழுக்கத் திறந்து, கீலில் உள்ள இரண்டு ஊசிகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங்கில் கொக்கியின் உட்பக்கத்திலிருந்து உட்பக்கம் வரை. முதலாவது 195, இரண்டாவது 168 என்றால் வித்தியாசம் 27 மி.மீ. கொக்கி ஊசியைத் தாண்டி உட்கார 3 மி.மீ. சேர்த்தால் 30.

எம்10 (10 மி.மீ. போல்டுக்கான) தட்டை வாஷர் 2 மி.மீ. தடிப்பு, 20 மி.மீ. விட்டம். 30 மி.மீ.க்கு 15 இடைவெளி வேண்டும். ஆனால் வாங்க வேண்டியது 15 வாஷர் அல்ல, 30. ஒரு பக்கம் மட்டும் செருகினால் மறுபக்கம் சுருள் ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் வில்லாக வளையும், நடுக்கோட்டில் ஒவ்வொரு வாஷருக்கும் 1 மி.மீ.தான் கிடைக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் எதிரெதிராக இரண்டு செருகினால்தான் நேராக நிற்கும், முழு 2 மி.மீ. கிடைக்கும். ஒரு ஸ்பிரிங்குக்கு 30, இரண்டுக்கும் 60. பத்து சென் காசைச் செருகுவோரும் உண்டு. அதில் துளை இல்லாததால் கயிறு கோக்க முடியாது, என்ஜினுக்குள் விழுந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீட்டுவதற்கு மிக நிதானமான வழி, திருகுப் புரி. ஒரு மீட்டர் இரும்புக் கோணச் சட்டத்தின் ஒரு முனையில் 12 மி.மீ. போல்டு நிறுத்தி ஸ்பிரிங்கின் ஒரு கொக்கியை மாட்டுங்கள். மறு கொக்கியில், தலையில் வளையம் உள்ள எம்10 கண் போல்டு. முழு நீளமும் புரி உள்ளதாக வாங்குங்கள். அதன் தண்டு சட்டத்தின் மறுமுனையில் பற்றவைத்த தகட்டின் துளை வழியே வெளியே வரட்டும், வெளியே வாஷரும் நட்டும். நட்டைத் திருகத் திருகக் கண் போல்டு பின்வாங்கும். எம்10 சாதாரணப் புரிக்கு ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. முன்னிறுக்கமும் கொக்கி வளைவும் போக, வாஷர் நுழைய இடம் வேண்டுமே, ஆகவே 30 மி.மீ.க்கு 20 சுற்று என்று கணக்கு வந்தாலும் முப்பத்தொரு சுற்றுக்கு மேலும் போக நேரும். சுருள்கள் முழு நீளத்துக்கும் விரிவதால் 24 சுற்று ஸ்பிரிங்கில் 23 இடைவெளியும் சேர்ந்தே திறக்கும், எல்லாவற்றிலும் 2 மி.மீ. திறக்க 46 மி.மீ. நீட்ட வேண்டும். அதற்குப் பதில் 1.6 மி.மீ. தடிப்புள்ள எம்8 வாஷரை 19 இடைவெளியில் போட்டால் நீட்டுவது 37 மி.மீ.யோடு முடியும். சட்டம் குட்டையாக இருந்தால் இதுதான் வசதி. ஆனால் ஒரு ஸ்பிரிங்குக்கு 38 வாஷர் ஆகும்.

நட்டு திருகும்போது தண்டும் கூடவே சுழன்றால் ஸ்பிரிங் முறுகும். கண்ணுக்குள் ஸ்பேனரைச் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள். புரியில் ஒரு துளி எண்ணெய். ஸ்பிரிங் மேல் ஒரு தடித்த சாக்கைப் போர்த்துங்கள், கொக்கி நழுவினாலும் பறக்காது.

சட்டம் செய்ய வசதி இல்லையென்றால் வைஸும் (மேசைப் பிடி) டர்ன்பக்கிளும் (நடுவைத் திருகினால் இரு முனையும் உள்ளே இழுபடும் கருவி) போதும். இரு முனையும் புரி என்பதால் ஒரு சுற்றுக்கு இரட்டிப்பாக நகரும். கொக்கி வைத்த மலிவு டர்ன்பக்கிள் வேண்டாம், அந்தக் கொக்கி நிமிர்ந்துவிடும், கண் வைத்ததாக வாங்குங்கள். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராச்செட் பெல்டால் நீட்டவும் முடியும், ஆனால் அதை விடுவிக்கும்போது ஒரே வீச்சில் தளரும். செம்பனைக் குலை இழுக்கும் கொக்கியால் இழுத்து மாட்டலாம் என்று வேடிக்கை பார்க்க வருபவர்களில் ஒருவராவது சொல்வார். அதன் முனை கூர்ந்து ஒல்லியாகிக்கொண்டே போவதால் பாதி இழுப்பில் நழுவும். பிரேக் ஸ்பிரிங் குறடும் இதற்குப் போதாது.

வாஷர்களைச் செருகும் முன், நைலான் தூண்டில் நரம்பைத் துளைகளில் கோத்து மாலையாக்கிவிடுங்கள், இடப்பக்கம் ஒரு மாலை, வலப்பக்கம் ஒரு மாலை. நடுவிலிருந்து தொடங்கி இரண்டு முனைக்கும் போங்கள். கொக்கிக்கு அடுத்த இரண்டு சுற்றுகளைக் காலியாக விடுங்கள், அங்கே செருகினால் கொக்கி சாய்ந்து ஊசியில் உட்காராது. பிறகு நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு வாஷரும் இறுகிக்கொண்டதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஆடும் வாஷர் பிதுங்கிப் பறக்கும். முழுதாகத் தளர்ந்ததும் உட்பக்க நீளத்தை மறுபடி அளங்கள். 198 வேண்டிய இடத்தில் 195 வந்தால் காரில் போய்ப் போராட வேண்டாம், இன்னும் இரண்டு ஜோடி செருகுங்கள்.

மாட்டுதல்

பானெட் முழு உயரத்தில், இரண்டு முட்டும் இறுக்கமாக. ஊசிகளின் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ். உடலோடு நிற்கும் ஊசியில் முதல் கொக்கியை மாட்டி, பிறகு பானெட்டோடு அசையும் ஊசியில் மற்றதை. அளவு சரியாக இருந்தால் கட்டை விரலால் தள்ளினாலே உட்காரும். உட்காரவில்லை என்றால் அளவு தப்பு. இந்த இடத்தில் சுத்தியல் எடுக்காதீர்கள். தட்டினால் வாஷர் கழன்று ஸ்பிரிங் திடீரெனச் சுருங்கும். இரண்டு கொக்கியும் பள்ளத்தின் அடிவரை இறங்கியதைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். மறுபக்கத்தையும் மாட்டிய பிறகுதான் பானெட்டை அசைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டி இறக்கினால் பானெட் முறுகும்.

இனி வாஷரை எடுப்பது. முட்டுகளை எடுத்துவிட்டு, ஒருவர் பானெட்டை மெதுவாக இறக்கட்டும். ஸ்பிரிங் நீளும்போது வாஷர்கள் தளர்ந்து, பாதி வழியில் நரம்பை இழுத்தாலே மாலையாக வந்துவிடும். பிடிவாதம் பிடிப்பதை நீள்மூக்குக் குறடால் எடுங்கள், விரலைக் கீலின் கைகளுக்கு நடுவே விடவே கூடாது. எண்ணிப் பாருங்கள். 30 போட்டிருந்தால் 30 வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பானெட்டை மூடாமல் தேடுங்கள், காந்தக் குச்சி உதவும். வைப்பர் இணைப்புகளுக்குள்ளோ ஃபேன் பெல்ட் பக்கமோ போய் உட்கார்ந்த வாஷர் பிறகு பெரிய செலவு வைக்கும்.

முதல் தடவை மூடும்போது அழுத்தாதீர்கள். கடைசி ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, பின்மூலைகள் இரண்டும் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள ஸ்கட்டில் தகட்டோடு சமமாக இறங்குகின்றனவா என்று பாருங்கள். பின்மூலை தூக்கி நின்றால் மூன்று காரணம் இருக்கலாம்: கீல் இன்னும் இறுகியிருக்கிறது, கீல் போல்டு ஸ்பிரிங்கின் இழுப்பில் நகர்ந்துவிட்டது, அல்லது ஸ்பிரிங் அளவு மீறிய விறைப்பு. இந்த வரிசையிலேயே சோதியுங்கள். போல்டு நகர்ந்திருந்தால் மார்க்கர் கோடு காட்டிக்கொடுக்கும். எம்8 போல்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதுமானது, காரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

பானெட் மேலே நிற்காமல் மெல்லக் கீழே வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கிரீஸ் குறைத்து இறுக்கமாக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், இரண்டையும் மாற்றுங்கள். மூடியபின் தாழ்ப்பாளையும் பாதுகாப்புக் கொக்கியையும் கையால் தூக்கிச் சோதியுங்கள். புது ஸ்பிரிங் முன்னைவிட வலுவாகத் தள்ளும், அரைகுறையாகப் பிடித்த தாழ்ப்பாள் நெடுஞ்சாலையில் திறந்துகொள்ளும்.

சுருளின் மேல் கிரீஸ் பூசாதீர்கள், செம்மண் தூசியைப் பிடித்து வைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீலின் மூட்டுகளில் எண்ணெய், கொக்கிப் பள்ளத்தில் துளி கிரீஸ், அவ்வளவுதான்.